ஊருக்குப் போயிருந்தேன்

அம்மாயியோடு தேக்கா மார்க்கெட்டுக்குப் போனால் மூன்று மொழிகளைக் கடந்துதான் பூக்கடைக்கு வந்து சேர முடியும். மீன்காரர் ஹொக்கியனில் கூப்பிடுவார். அவரோடு ஹொக்கியனிலேயே விலை பேசி, வால்பக்கம் வேண்டாம் என்று கையால் வெட்டிக் காட்டுவாள். காய்கறிக் கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் மாண்டரினில் ஏதாவது கேட்கும். அம்மாயிக்கு மாண்டரின் வராது, மலாயில் பதில் சொல்லிவிட்டு நகர்வாள். கடைசியில் பூக்கடை. அங்கே ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பையன் யாராவது நின்றால் கதை முடிந்தது. அம்மாயி வாயைத் திறந்ததுமே அவன் கை அப்படியே நின்றுவிடும்.

"அண்ணே, இந்தச் சீனம்மா தமிழ் பேசுதுண்ணே!"

"சீனம்மா இல்லடா, லட்சுமி. கதம்பம் ரெண்டு மொழம் குடு. மொழத்த ஏங் கையால அளக்கறேன், ஒங்கை குட்டை."

இதை நூறு முறையாவது பார்த்திருப்பேன். சின்ன வயதில் பெருமையாக இருந்தது. உயர்நிலைப் பள்ளியில் கூச்சமாக இருந்தது. இப்போது அந்தப் பையன் முகத்தைப் பார்க்காமல் அம்மாயியின் முகத்தைப் பார்க்கிறேன். ஒரு நொடி, கண் ஓரமாக, அவளுக்கு அலுப்பு வந்து போகிறது. எழுபது வருஷத்து அலுப்பு.

என் அம்மாவைப் பெற்ற அம்மாயி சீனக் குழந்தையாகப் பிறந்தவள். நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து சிங்கப்பூர் துறைமுக வாரியத்தில் மூட்டை தூக்கிய என் பூட்டனுக்கும் பூட்டிக்கும் பிள்ளை இல்லை. 1950இல் ஒரு மருத்துவச்சி மூலமாக, பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தையைத் துணியில் சுற்றிக் கம்போங் பாருவில் இருந்த கூலிக் குடியிருப்புக்குத் தூக்கி வந்தார்கள். பெற்றவளுக்குச் சிவப்புக் காகிதத்தில் கொஞ்சம் பணம் வைத்துக் கொடுத்ததாகப் பூட்டி சொல்வாராம். எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தொகை சொல்வாராம். "பால் காசு" என்பதுதான் அதற்கு அவர் வைத்த பெயர். விலை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவாராம்.

1950 சீனர்களுக்குப் புலி வருஷம். புலி வருஷத்துப் பெண் குழந்தை குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கை பாதி, வறுமை பாதி. ஏற்கெனவே நான்கைந்து பெண்கள் இருக்கும் அட்டாப்புக் குடிசையில் இன்னொன்று பிறந்தால் கொடுத்துவிடுவார்கள். சிங்கப்பூர், மலாயா முழுக்க நடந்தது இது. ஜப்பானியர் காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ சீனப் பெண் குழந்தைகள் தமிழ், மலையாளி, மலாய் வீடுகளுக்குப் போயிருக்கிறார்கள். இந்திய வீடுகளில் வளர்ந்த இப்படிப்பட்டவர்களின் கதைகளைத் தெரசா தேவசகாயம் ஆங்கிலத்தில் 'லிட்டில் டிராப்ஸ்' என்ற நூலாக்கியிருக்கிறார். எங்கள் புளோக்கிலேயே ஒரு காலத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் மூக்குத்தி போட்டிருந்தார்கள். ஆடி மாதம் டிப்போ ரோடு ருத்ர காளியம்மன் கோயிலில் ஒன்றாக உட்கார்ந்து கூழ் குடிப்பார்கள். அலெக்சாண்டிரா செங்கல் சூளைத் தொழிலாளர்கள் வைத்த கோயில் அது, சூளை போனபின் அம்மன் இங்கே வந்தாள்.

சாதி பார்த்துப் பெண் எடுக்கும் குடும்பங்கள் ஒரு சீனக் குழந்தையை எப்படி மடியில் போட்டுக்கொண்டன என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். என் ஊகம் இது: இன்னொரு தமிழ்க் குழந்தையை எடுத்தால் அது யார் வீட்டுப் பிள்ளை என்று கேள்வி வரும். சீனக் குழந்தைக்கு அந்தக் கேள்வியே கிடையாது. எந்தத் தெருவிலும் சேராத குழந்தை என்பதால் எந்தத் தெருவிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது குழந்தையாக இருக்கும்வரைதான். 1970இல் அம்மாயிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது தாத்தாவின் அம்மா வந்து உட்கார்ந்து, காப்பியைக் கையில் வாங்காமலே கேட்டாராம், "பொண்ணு என்ன ஆளுக?" பூட்டன் சொன்னது இன்றைக்கும் எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி புழங்குகிறது: "எம் பொண்ணு ஏஞ் சாதி. ஒனக்கு என்ன சாதி வேணும்?" கல்யாணம் நடந்தது. காப்பியை வாங்க அந்த அம்மாவுக்கு என் அம்மா பிறக்கும்வரை ஆயிற்று.

குழந்தையைத் தூக்கி வந்த அதே வருஷம் டிசம்பரில் மரியா ஹெர்டோ கலவரம். டச்சுப் பெற்றோருக்கு ஜாவாவில் பிறந்து, போர்க்காலத்தில் அமினா என்ற மலாய்ப் பெண்ணிடம் வளர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுமியைப் பெற்றவர்களிடமே திருப்பி அனுப்பச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஊர் எரிந்தது. 18 பேர் செத்தார்கள், 173 பேருக்குக் காயம். இந்தக் கலவரத்தை மதம், காலனி ஆட்சி, போலீஸ் என்று பல கோணங்களில் படித்திருக்கிறேன். எங்கள் பூட்டிக்கு அதில் ஒரே ஒரு செய்திதான் இருந்தது: வளர்த்த பிள்ளையைக் கோர்ட் பிடுங்கிக் கொடுக்கும். எங்களிடம் எந்தக் காகிதமும் இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை, தத்துப் பத்திரம் இல்லை. பூட்டி அந்த மருத்துவச்சி இருந்த பக்கம் போவதையே விட்டுவிட்டார். கைக்குழந்தையின் நெற்றியிலும் கன்னத்திலும் அவ்வளவு பெரிய மைப்பொட்டு வைப்பாராம். திருஷ்டிக்காக என்று மற்றவர்கள் நினைத்தார்கள். முகத்தை மறைக்கத்தான்.

பிறகு பூட்டன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்து அடையாள அட்டை வாங்கினார். பெயர் லட்சுமி. இனம் சீனர். இரண்டும் ஒரே அட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். தொண்ணூறுகளில் அம்மாயி ஒரு பள்ளியில் துப்புரவு வேலைக்குப் போனபோது சம்பளத்தில் சீனர் சுயஉதவிக் குழுவுக்குச் சில்லறை பிடித்தார்கள். இனம் எதுவோ அதற்குத்தான் பிடிப்பார்கள், சிண்டாவுக்குப் பிடிக்கவில்லை. "ஏம் பேரப்புள்ளைக்கு ட்யூஷன் சொல்லிக் குடுக்கறது சிண்டா. ஏங்காசு போறது வேற எங்கயோ" என்று சிரிப்பாள். மாற்றிக்கொள்ள மனுச் செய்யலாம் என்று அம்மா சொன்னதற்கு, "போகட்டும் விடு, அதுங்களும் புள்ளைங்கதான" என்று விட்டுவிட்டாள்.

*

புக்கிட் மேரா என்றால் செங்குன்று. வாளை மூக்குப் போலக் கூர்மூக்கு உள்ள மீன்கள் கரைக்கு வந்து ஆட்களைக் குத்தியபோது, வாழைத்தண்டை வேலியாக அடுக்கினால் மீன்கள் மூக்கு சிக்கிச் செத்துப்போகும் என்று ஒரு சிறுவன் யோசனை சொன்னானாம். மீன்கள் செத்தன. இத்தனை அறிவுள்ள பிள்ளை வளர்ந்தால் ஆபத்து என்று ராஜா அவனைக் கொன்றுவிட்டான், அந்த ரத்தம் ஓடித்தான் குன்று சிவந்தது என்பது மலாய்க் கதை. பள்ளியில் இதை நாடகமாகப் போட்டோம். நான் மீன்.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை புக்கிட் ஹோ சுவீ. இப்போது வீவக புளோக்குகளும் காப்பிக்கடையும் நிற்கிற இடம் அறுபது வருஷத்துக்கு முன் அட்டாப்புக் கூரையும் தகரமும் நெருக்கிக் கிடந்த சீனக் கம்பம். 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் அன்று மத்தியானம் தீப்பிடித்தது. நான்கு பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடில்லாமல் போனார்கள். அந்த நெருக்கடியில்தான் வீவக படபடவென்று அடுக்கு வீடுகளைக் கட்டியது. இன்றைய சிங்கப்பூரின் வீட்டுக் கதை அங்கிருந்து தொடங்குவதாகப் பாடப்புத்தகங்கள் சொல்லும்.

அம்மாயிக்கு அப்போது பதினோரு வயது. கம்போங் பாருவிலிருந்து பார்த்தால் வானம் கறுப்பாக இருந்தது என்பாள். பூட்டி வாசலில் நின்று அழுதுகொண்டே இருந்தாராம். எதற்கு அழுகிறாய் என்று கேட்டதற்கு அன்றைக்கு ராத்திரிதான் சொன்னார், "அங்கிருந்துதான் ஒன்னத் தூக்கிட்டு வந்தோம்." தான் சீனக் குழந்தை என்பது அம்மாயிக்குத் தெரியாமல் இல்லை, வீட்டில் கண்ணாடி இருந்ததே. ஆனால் எங்கிருந்து என்பது அதுவரை தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பூட்டி பழைய துணிகளை மூட்டை கட்டி, தீயில் வீடிழந்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவளையும் கையில் பிடித்துக்கொண்டு போனார். பதினோரு வருஷம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர் போனார். ஏன் போனார் என்பதற்கு எங்கள் வீட்டில் இரண்டு கருத்து உண்டு. அம்மா சொல்வது, பூட்டிக்கு இரக்க மனசு. என் கருத்து வேறு. அதை அப்புறம் சொல்கிறேன்.

இத்தனைக்கும் அம்மாயிக்கு "ஊர்" என்றால் நாமக்கல்தான். 1976இல் எம்.வி. சிதம்பரம் கப்பலில் பூட்டனோடு போய்வந்தாள். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு "ஊருக்குப் போறேன்" என்றால் அது இந்தியா, வேறு விளக்கம் தேவையில்லை. கப்பலில் ஏழெட்டு நாள் வாந்தி. இறங்கி ரயிலும் பஸ்ஸும் பிடித்துக் கிராமத்துக்குப் போனால், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கூடி வீட்டு ஜன்னலில் ஏறி நின்று பார்த்திருக்கிறார்கள். சாப்பிடும்போது பார்த்தார்கள், தூங்கும்போது பார்த்தார்கள். கொல்லைப்பக்கம் போகிறபோதும் பின்னாலேயே வந்தார்கள். பங்காளிகளுக்கு வேறு கவலை. எடுத்து வளர்த்த சீனாக்காரி நாளைக்கு நிலத்தில் பங்கு கேட்பாளோ என்று. "நல்ல ஊருதான் கண்ணு. தண்ணி அவ்வளவு இனிப்பு. ஆனா ஒரு நிமிசம் தனியா விடல" என்பாள். அதற்குப் பிறகு போகவில்லை.

*

சீனாவுக்குப் போகலாம் என்ற யோசனை என்னுடையது. ஒளிக்க விரும்பவில்லை, அதில் என் சுயநலம் நிறைய இருந்தது. எனக்கு எழுத ஒரு கதை வேண்டியிருந்தது.

சுவான்ஜோ என்ற துறைமுக நகரத்தைப் பற்றி நான் படித்துக்கொண்டிருந்தேன். ஃபூஜியான் மாநிலத்தின் தென்கரை. சிங்கப்பூர் ஹொக்கியன் மக்களில் பெரும்பாலோரின் மூதாதையர் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சோங், யுவான் அரசுகளின் காலத்தில் உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று, 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நமக்கு அதில் இன்னொரு சங்கதி: அங்கே தமிழ் வணிகர்கள் இருந்தார்கள். 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவன் திருமேனியை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு, கீழே சீன எழுத்தோடு, கிடைத்திருக்கிறது. குப்லாய் கானின் ஆட்சிக்காலம். சிவன் கோயில் இடிந்து போனாலும் அதன் கற்கள் ஊர் முழுக்கச் சிதறி, அருங்காட்சியகத்திலும் புத்த விகாரையின் சுவர்களிலும் இருக்கின்றன. தமிழ்ப் பேச்சும் ஹொக்கியன் முகமும் உள்ள என் அம்மாயியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் எப்படி இருக்கும்! அவ்வளவுதான் என் யோசனை. கட்டுரையின் கடைசிப் பத்தியைச் சிங்கப்பூரிலேயே மனதில் எழுதிவிட்டேன்.

அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "ஏண்டி, எங்கம்மா தமிழச்சி. எழுபத்திநாலு வயசுல கொண்டுபோய் அவளச் சீனாக்காரி ஆக்கப் போறியா? பூட்டன் இருந்தா ஒன்ன வெட்டிப் போட்டிருப்பாரு." அவள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. பள்ளியில் அவளைப் பாதிச் சீனச்சி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கல்யாணத்தில், வேலை நேர்காணலில், கோயில் வரிசையில் தன்னைத் தமிழச்சி என்று நிரூபித்து நிரூபித்தே களைத்தவள். நான் பிறந்தபோது கண் எப்படி இருக்கிறது என்று உறவுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்களாம். தவிர, எச்சில் துப்பி அனுப்பினால் மரபணு பார்த்துச் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துத் தரும் டப்பா ஒன்றை அதற்கு முந்தைய வருஷம்தான் வாங்கி வந்து வீட்டில் ரகளை ஆக்கியிருந்தேன். அது இன்னும் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.

அம்மாயி மட்டும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூர்க்காரர்களுக்கு விசா இல்லாமலே முப்பது நாள் இருக்கலாம் என்று ஆனதும், "காசு ஒன்னுதா?" என்று கேட்டாள். என்னுதுதான் என்றேன். "அப்ப சரி."

சியாமென் வரை விமானம், அங்கிருந்து அரைமணி நேர ரயில். முதல் நாள் அம்மாயி கால்சட்டையும் சட்டையும் போட்டிருந்தாள், குளிருக்கு மேலே ஒரு கம்பளிச் சட்டை. பொட்டு இல்லை. வேர்த்து அழிந்ததா வைக்கவே இல்லையா என்று நான் கேட்கவில்லை. கையில் ஊன்றுகோல். மேற்குத் தெருவில் நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டாள். மூட்டு வலியோ என்று பயந்தேன்.

"கண்ணு, யாருமே என்னப் பாக்கல."

சுற்றிலும் பார்த்தேன். உண்மைதான். அவள் வயசில், அவள் உயரத்தில், அவளைப் போலவே முதுகு லேசாக வளைந்த கிழவிகள் காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் திரும்பவில்லை. பார்த்தவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள். கறுப்பாக, சுருட்டை முடியோடு, பக்கத்தில் நின்ற என்னை. தேக்காவில், நாமக்கல்லில், எம்.ஆர்.டி.யில், கோயிலில், எழுபத்துநான்கு வருஷமாக எல்லாரும் பார்த்த ஒருத்தி முதல் தடவையாக ஒரு தெருவில் கண்ணில் படாமல் நடந்தாள். அன்றைக்கு மத்தியானம் பூரா நடந்தோம். மூட்டு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் உட்காரலாம் என்று கெஞ்சினேன்.

பேச்சு அடுத்த அதிசயம். அவள் பேசுவது மார்க்கெட் ஹொக்கியன், பாதி மலாய் கலந்தது. இளசுகள் மாண்டரினில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். கிழவர்கள் நின்றார்கள். ஒரு தேநீர்க்கடை வாசலில் முதியவர் ஒருவர் அவள் ஊன்றுகோலைக் காட்டி, "தொங்கட்" நன்றாக இருக்கிறதே என்றார். அம்மாயி திகைத்துப் போனாள். அது மலாய் வார்த்தை. சிங்கப்பூரில் நாங்கள் தமிழ் பேசும்போதும் சொல்கிற வார்த்தை. தென்கடலுக்குப் பிழைக்கப் போய்த் திரும்பியவர்கள் இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். சோப்புக்கு அவர்கள் சொல்லும் சொல்லும் நம்முடைய சாபூன்தான். பிறகு இருவரும் பொருள்களைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். "எந்த ஊர் நீங்கள்?" என்று அவர் கேட்டது எனக்கே புரிந்தது. "புக்கிட் மேரா" என்றாள் அம்மாயி. சீனாவில் எந்த மாவட்டம் என்று அவர் கேட்டதற்குத் தெரியாது என்று கையை விரித்தாள். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை, இன்னொரு கோப்பை ஊற்றினார். அந்தப் பக்கத்தில் தெரியாது என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள் போல.

காய்யுவான் விகாரையில் நான் திட்டமிட்டது ஓரளவு நடந்தது. பெரிய மண்டபத்தின் பின்பக்கம் இரண்டு கல்தூண்கள், நம் ஊர்ச் சிற்பிகளின் பாணியில். நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். கண்ணன் மரங்களைச் சாய்க்கிறான். அம்மாயி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது கஜேந்திரன், முதல வாய்ல காலு" என்று எனக்கு விளக்கம் சொன்னாள். கல்வெட்டின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினேன். ஆறாம் வகுப்போடு நின்றவள், பழைய எழுத்து எதுவும் பிடிபடவில்லை. "'ம' மாதிரி ஒண்ணு இருக்கு" என்றாள். அவ்வளவுதான். கண்ணீர் இல்லை, சிலிர்ப்பு இல்லை.

மிச்ச நம்பிக்கை ச்சிதியன் கிராமத்தில் இருந்தது. நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன மாடம். உள்ளே நான்கு கைகளோடு கல்லில் ஒரு அம்மன், இரு பக்கமும் பணிப்பெண்கள், காலடியில் அசுரன். பழைய இந்துக் கோயில் எதிலிருந்தோ வந்தவள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கிராமத்தார் குவான்யின் என்று தலைமுறை தலைமுறையாக ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். என் கடைசிப் பத்திக்கு இதைத்தான் வைத்திருந்தேன். சீன வீட்டில் வளரும் தமிழ்த் தெய்வம், தமிழ் வீட்டில் வளர்ந்த சீனக் குழந்தை. எவ்வளவு வசதியான உவமை!

அன்றைக்கு அம்மாயி தானாகவே சேலை கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். பொட்டும் பெரிதாக. இப்போது எல்லாரும் பார்த்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. மாடத்தின் முன் செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அம்மனையே ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள். நான் கைப்பேசியில் பதிவை ஓடவிட்டுக் காத்திருந்தேன். அவள் பக்கத்திலிருந்த கிழவியிடம் ஹொக்கியனில் ஏதோ கேட்டாள். கிழவி ஏதோ சொன்னாள்.

"என்ன கேட்ட அம்மாயி?"

"யாரு சாமியத் தொடைக்கறதுன்னு கேட்டேன். அவதானாம். அவ மாமியாருக்கு அப்பறம் அவளாம்." மறுபடி அம்மனைப் பார்த்தாள். "எண்ணெய் வெக்கற பழக்கம் இல்ல போல. பரவால்ல. நல்லாத்தான் வெச்சிருக்காங்க."

பதிவை நிறுத்திவிட்டேன். உவமையைப் பற்றி அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

*

மூன்றாம் நாள் சுன்பு என்ற மீனவர் குப்பத்துக்குப் போனோம். சிப்பி ஓடுகளைச் செங்கல் மாதிரி அடுக்கிக் கட்டிய சுவர்கள் உள்ள வீடுகள். அங்கத்திப் பெண்கள் தலையில் கொண்டை போட்டு அதைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூச்சரம் வைத்துக்கொள்வார்கள். அரபு வணிகர்கள் கொண்டுவந்த பூக்கள் என்று ஒரு கதை. இப்போது சமூக ஊடகத்தில் பிரபலமாகிவிட்டதால் எங்கே பார்த்தாலும் வெளியூர்ப் பெண்கள் காசு கொடுத்துத் தலை அலங்கரித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பிளாஸ்டிக் பூக்களும் கலந்திருந்தன.

ஆனால் ஒரு சந்தில், கூட்டத்துக்கு விலகி, எண்பதைத் தாண்டிய மூதாட்டி ஒருத்தி தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள். கையில் உறை, முழங்கை வரை ஈரம். தலையில் நிஜப் பூ. யாருக்காகவும் வைத்ததல்ல, தினமும் வைக்கிற பூ. அம்மாயி போய்க் குனிந்து அந்தச் சரத்தைப் பார்த்தாள்.

"மல்லி மொக்கு. நம்ம கட்டற மாதிரி இல்ல, ஊசில கோத்திருக்காங்க."

மூதாட்டி நிமிர்ந்து பார்த்தாள். சேலை கட்டிய ஹொக்கியன் முகம். எங்கள் எல்லாரையும் பார்க்கிறவர்களின் அந்த ஒரு நொடித் திகைப்பு அவளுக்கும் வந்தது. அம்மாயி திரும்பித் தன் கொண்டையைக் காட்டினாள். சிங்கப்பூரில் புறப்படும்போது வைத்த கதம்பத்தில் மிச்சமிருந்த, காய்ந்து பழுப்பான நான்கு இணுக்கு. மூதாட்டி சிரித்து, உறையைக் கழற்றி, தன் தலையிலிருந்து ஒரு சரத்தை உருவி அம்மாயியின் கொண்டையில் சுற்றிவிட்டாள். முள் குத்தக் கூடாது என்று ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டு. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அம்மாயி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் படம் எடுக்கவில்லை. அதற்குள் அந்த அளவுக்காவது புத்தி வந்திருந்தது.

அன்றைக்கு இரவு விடுதியில் விளக்கை அணைத்த பிறகு அம்மாயி பேசினாள்.

"அந்தத் தீப்புடிச்சதே, அதுக்கப்பறம் எங்கம்மா கூட்டிட்டுப் போனாளே பள்ளிக்கூடம். அங்க ஒரு பொம்பள."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"எங்கம்மா எல்லா பொம்பளைங்க மூஞ்சியையும் பாத்துட்டே போறா. எனக்குப் பயம். என்னக் குடுத்துட்டுப் போகத்தான் கூட்டியாந்திருக்கான்னு நெனச்சுக்கிட்டேன். வரிசைல ஒருத்தி நின்னா. கைக்கொழந்த வெச்சிருந்தா. என்னையே பாத்தா. ரெண்டு எட்டு வெச்சுக் கிட்ட வந்தா. எங்கம்மா எங்கைய அப்பிடி இறுக்கினா, இங்க பாரு, இந்த எடம். நான் கத்தி அழுதேன், வீட்டுக்குப் போலாம்மான்னு. தமிழ்ல. அந்தப் பொம்பள அப்பிடியே நின்னுட்டா. அப்பறம் திரும்பிப் போயிட்டா."

"அவங்கதானா அம்மாயி?"

"தெரியாது கண்ணு. துணி வாங்க வந்தவளாத்தான் இருக்கும். எத்தன ஆயிரம் பேரு அங்க." கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "இன்னிக்கு அந்தக் கெழவி பூ வெச்சப்ப கை நல்லா குளுந்துருந்துச்சு. சிப்பித் தண்ணி. அதான் நெனப்பு வந்துருச்சு."

இதை என் அம்மாவிடம் அவள் சொன்னதில்லை. பூட்டியோடும் பேசிக்கொண்டதில்லை. என் கருத்தை அப்புறம் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா: பூட்டி அங்கே போனது துணி கொடுக்க மட்டுமல்ல, பெற்றவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கத்தான். கண்டுபிடித்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. பதினோரு வயதுப் பிள்ளை அழுததும் கையை விடாமல் திரும்பிவிட்டார் என்பது மட்டும் தெரியும். "நீ எழுதறதுன்னா எழுதிக்க. ஆனா எங்கம்மாவத் தப்பா எழுதாத" என்று அம்மாயி இருட்டில் சொன்னாள். எழுதப் போகிறேன் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை.

திரும்பி வந்த வாரம் புக்கிட் ஹோ சுவீ காப்பிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மீன் சூப் குடித்தாள், உப்பு தூக்கல் என்றாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. புளோக்குகள், குழந்தைகள் சறுக்குமரம், லிஃப்டுக்கு நிற்கிற தாத்தாக்கள். அவள் அடிக்கடி வருகிற இடம்தான். சந்தை இங்கே மலிவு.

சனிக்கிழமை தேக்கா. மீன்காரர் ஹொக்கியனில் இத்தனை நாள் எங்கே காணோம் என்று கேட்டார். அம்மாயி ஏதோ சொன்னாள், அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பூக்கடையில் அதே பையன். இப்போது பழகிவிட்டான்.

"என்ன பாட்டி, ஆளையே காணோம்?"

"ஊருக்குப் போயிருந்தேன்டா."

"எந்த ஊரு பாட்டி, நாமக்கல்லா?"

"இல்ல, வேற ஊரு. மல்லி உதிரியா இருந்தா கொஞ்சம் போடு. கட்ட வேணாம், நானே கோத்துக்கறேன்."